டெஸ்ஸா படகின் பெட்டி மூடி

ஏணியில் எட்டுப் படி. நாலாவது படியிலேயே ஹெட்லி அங்கோவின் இடது முழங்கால் மக்கர் செய்தது. முப்பத்தோரு வருடம் கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறையில் இரும்புத் தகட்டின் மேல் மண்டி போட்டு வேலை பார்த்த கால் அது. மார்ச் மாதத்து ஈரக்காற்று கொஞ்சம் பட்டால் போதும், எலும்புக்குள் யாரோ திருகாணியை முடுக்குவது போல வலிக்கும். படியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"மேஸ்திரி, நடுவுல நின்னு யோசிக்கிற இடமா அது?" கீழேயிருந்து வென்னா யூரன் குரல் கொடுத்தாள். "மேல போங்க, இல்ல கீழ வாங்க. ஒரு கைல திங்கிற பேஸ்டி, ஒரு கைல ஏணி. ரெண்டுல ஒண்ண விடணும்னா நான் எத விடுவேன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதான் பிடிச்சுட்டு நிக்கிறேன்."

ஹெட்லியை மேஸ்திரி என்று கூப்பிடும் கடைசி ஆள் அவள்தான். முழங்கால் போன பிறகு அவர் துறைமுக வேலையை விட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்தார். வென்னா டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவள். ஒரு நாள் அவரை ஏற்றிக்கொண்டு ஒரு திருடனைத் துரத்தினாள். கூலி வாங்கவில்லை, வேலை கேட்டாள். அதற்கு நாலு வருடம் ஆகிறது.

படகின் பெயர் டெஸ்ஸா. இருபத்திரண்டு அடி நீளம், ஒற்றைப் பாய்மரம். போர்த்வெல்லன் படகுப் பட்டறையின் முற்றத்தில் மரக்கட்டைகள் முட்டுக்கொடுக்க, தண்ணீரில்லாமல் நின்றது. ஒன்பது நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, இதிலிருந்துதான் இதன் சொந்தக்காரன் ஜோரி நான்ஸ் கடலில் விழுந்தான். நண்டுப் படகில் நாற்பது வருடம், நண்டு சிக்கும் கூடுகளைக் கடலிலிருந்து இழுத்தவன். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. அவனோடு படகில் இருந்தது ஒரே ஆள்: பியர்ஸ் கார்வெத். ஜோரி கடைசியாக வேலை பார்த்த நண்டுப் படகின் கேப்டன்.

நாளை காலை பத்து மணிக்கு மரண விசாரணை. பழி விழப்போவது பியர்ஸ் மேல் இல்லை. டென்சில் ரௌஸ் மேல். இதே பட்டறையில் வேலை செய்பவன், சாவுக்கு முதல் நாள் இந்தப் படகில், தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் மாட்டிக் கொடுத்தவன். அவன் வேலையில் இருந்த கோளாறுதான் ஆளைக் கொன்றது என்று முடிவானால் அவனுக்குச் சிறை. பட்டறைக்காரர்கள் அவனை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வக்கீலோடு வா என்று போலீஸ் சொல்லிவிட்டது. ஹெட்லியும் அவனும் உலர்துறையில் ஒரே குழுவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள். அவன் நேற்று வந்து ஹெட்லியின் கதவைத் தட்டினான்.

வென்னா மேலே ஏறி வந்து, படகின் பின்பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள். "நமக்கு ஒரு மணி நேரம்தான். பட்டறை மேனேஜர் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறார். சாவியைவிட அவர் மூஞ்சி துருப்பிடிச்சிருக்கு."

ஹெட்லி அறைக்குள்ளிருந்து அந்த ஆட்டோபைலட் கருவியை எடுத்து வந்தார். கை நீளத்துக்குக் கறுப்புக் குழாய். போலீஸ் கட்டிய சீட்டு அதில் தொங்கியது. குழாயின் அடியில் ஒரு கம்பி. அது உட்காரும் பலகையில் பதித்த பித்தளைக் குழிக்குள் நிற்கும். முன்னால் நீளும் தண்டு, சுக்கான் தடியில் இருக்கும் முளையைக் கவ்விக்கொள்ளும். படகு திசை மாறினால் தண்டு நீளும், அல்லது சுருங்கும். தடியைத் தள்ளும், இழுக்கும். ஆள் கை வைக்க வேண்டாம். நாற்பது வருடம் கூடு இழுத்ததில் ஜோரியின் தோள்பட்டை கழன்றுபோயிருந்தது. அரை மணிக்கு மேல் சுக்கானைப் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் வாங்கினான். குழாயின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியும் வைத்திருந்தான்: 'இவன் சோறு கேட்க மாட்டான்.'

"அந்த வாக்குமூலத்தைப் படி," என்றார் ஹெட்லி. "மெதுவா."

வென்னா விரலைத் துடைத்துக்கொண்டு தாளைப் பிரித்தாள். "கேப்டன் பியர்ஸ் கார்வெத் சொல்வதாவது. 'நான் கீழே டீ போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு மேலே வந்தேன். ஜோரி இருபது கெஜம் பின்னால் தண்ணீரில் இருந்தான். ஆட்டோபைலட் சுக்கானைப் பிடித்திருந்தது. என் பலம் முழுவதும் போட்டுத் தள்ளியும் தடி அசையவில்லை. அதை எப்படி நிறுத்துவது, எப்படிக் கழற்றுவது என்று எனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்து, மீட்புக் கயிறு இருந்த பையை எடுத்து வீசினேன். எட்டவில்லை. படகு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. ரேடியோவில் கூப்பிட்டேன். மீட்புப் படகு வரும் வரை அந்தக் கருவி சுக்கானை விடவே இல்லை.'" அவள் நிமிர்ந்தாள். "பதினெட்டு வருஷம் கேப்டன். ஒரு பாயை இறக்கத் தெரியாதாம்."

"அவன் எஞ்சின் படகுக்காரன். பயத்துல கை ஓடலன்னா கோர்ட்டு நம்பும். மீட்புப் படகு ஆளுங்க என்ன பார்த்தாங்க?"

"பைலட் ஓடிக்கிட்டிருந்துச்சு. தண்டு முளையில மாட்டியே இருந்துச்சு. கயிறு நனைஞ்சு தரையில கிடந்துச்சு. கேப்டன் அழுதுக்கிட்டிருந்தார். அழுகையைப் பத்தி நாலு பேரும் எழுதியிருக்காங்க. அழகா அழுதிருப்பார் போல."

ஹெட்லி குழாயைப் பித்தளைக் குழியில் நிறுத்தினார். தண்டை இழுத்து முளையில் மாட்டினார். மாட்டியது. ஆனாலும் அவர் கை அங்கேயே நின்றுவிட்டது.

பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்துத் தடிக்கும் தண்டுக்கும் நடுவே வைத்தார். செங்கோணமாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல் இடைவெளி.

"கோணல்," என்றார்.

"கொஞ்சம்தானே?"

"வென்னா, டென்சில் கப்பல் கக்கூஸ் கதவுக்குக் கீல் மாட்டினாக்கூட மூலைமட்டம் வச்சுப் பார்ப்பான். நாங்க எல்லாரும் சிரிப்போம். இவன் கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு நேரா நிக்கிறாளான்னு பார்த்துட்டுத்தான் மோதிரம் போட்டான்னு சொல்லுவோம். அவன் கை இப்படிக் கோணலா மாட்டாது. அவசரத்துல மாட்டியிருந்தா ஒழிய."

முளையிலிருந்து செங்கோணமாகச் சாக்பீஸில் ஒரு கோடு இழுத்தார். கோடு, குழி இருந்த நிலையான பலகையில் விழவில்லை. அதற்குப் பக்கத்தில், உட்காரும் இடத்துக்கு அடியில் இருந்த பெட்டியின் மூடியில் விழுந்தது. வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிப்போன பழைய தேக்கு மூடி. ஹெட்லி முகத்தைத் தாழ்த்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"உன் டீயைக் குடு."

"பாதிதான் குடிச்சிருக்கேன்."

"மீதிப் பாதி போதும்."

டீயை மூடியின் மேல் ஊற்றினார். மரம் ஈரத்தைக் குடித்துக் கறுத்தது. கறுக்கக் கறுக்க, கோட்டின் முனையில் காசளவு ஒரு வட்டம் மேலே வந்தது. அதன் விளிம்பில் மயிரிழை போலப் பசையின் கோடு. அதற்குள் இருந்த மரம் புதுசு. வினிகரும் இரும்பு நாரும் போட்டுத் தேய்த்து அதைச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஈரம் பட்டதும் சாயம் வெளுத்துவிட்டது.

மூடியைத் தூக்கி அடிப்பக்கம் கை விட்டார். எப்பாக்ஸி பசை இன்னும் பளபளவென்று இருந்தது.

"முதல்ல பைலட் நின்ன இடம் இது," என்றார் ஹெட்லி. "சாவுக்கு அப்புறம் யாரோ குழியை எடுத்து, ஓட்டையை மரத்துண்டால அடைச்சு, பக்கத்துல புதுசா துளை போட்டிருக்காங்க. போலீஸ் திங்கக்கிழமை மத்தியானம்தான் வந்து பார்த்தாங்க. அதுக்குள்ள."

"யாரோன்னா?"

"வட்டத்தைப் பாரு. வேற ஆள் அடைச்சிருந்தா மரத்தோட நார் குறுக்க ஓடும். இது நாருக்கு நார் சேர்த்து அடைச்சது. இந்தக் கரையில அப்படி அடைக்கிற கை ஒண்ணுதான்."

வென்னா மெல்லுவதை நிறுத்தினாள். "நம்ம கட்சிக்காரர் கை."

*

டென்சில் சமையலறையில் இருந்தான். ஒழுகாத குழாயைக் கழற்றி, அதன் உறுப்புகளை ஒரு துணியின் மேல் வரிசையாக வைத்திருந்தான். வேலையில்லாத கைக்கு ஏதாவது வேண்டுமே. ஐம்பத்தெட்டு வயது. ஒரு வாரத்தில் சட்டை அவன் மேல் தொளதொளத்துப் போயிருந்தது.

ஹெட்லி உட்காரவில்லை. "மூடில மாட்டினியா?"

டென்சில் குழாயின் ரப்பர் வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"அளவு அங்கதான் விழுந்துச்சு," என்றான் கடைசியில். "முறைப்படி ஒரு தாங்கி செஞ்சு பக்கச்சுவர்ல மாட்டணும். தாங்கி செய்ய ஒரு நாள் வேணும். ஜோரி விடல. காலைல போகணும், காலைல போகணும்னு நின்னான். சரி, இப்போதைக்கு மூடில மாட்டுறேன், திங்கக்கிழமை சரி பண்றேன்னேன்."

"திறக்கிற மூடிமேல எதையும் மாட்டக்கூடாதுன்னு பட்டறைக்குள்ள காலடி வச்ச அன்னைக்கே சொல்லித் தருவாங்களேடா."

"எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்? பைலட் நிக்கிறப்ப மூடி திறக்காது. அதுக்குக் கீழதான் மீட்புக் கயிறு." டென்சில் வளையத்தைத் துணியின் மேல் வைத்தான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் செய்தி வந்துச்சு. எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. ஜோரி தண்ணில கிடக்கான், மேல இருக்கிறவன் மூடியைப் பிடிச்சு இழுக்குறான், வரல. நான் மாட்டினதுனால வரல. நான்தான் கொன்னேன், ஹெட்லி. திங்கக்கிழமை விடிஞ்சதும் போயி மாத்தினேன். ஜெயிலுக்குப் பயந்தா மாத்தினேன்? பாதி அது. மீதி… மூடில மாட்டினவன்னு ஒரு பேரு வரும் பாரு. பிளிமத் வரைக்கும் எந்தப் பட்டறையிலயும் தலை காட்ட முடியாது."

"பியர்ஸ் வாக்குமூலத்தை நீ படிச்சியா?"

"யாரு காட்டினா? பைலட் சிக்கிக்கிச்சுன்னாங்க. அவ்வளவுதான்."

ஹெட்லி வென்னாவைப் பார்த்தார். அவள் தாளைப் பிரித்து ஒரே வரியைப் படித்தாள். "'பெட்டியைத் திறந்து, மீட்புக் கயிறு இருந்த பையை எடுத்து வீசினேன்.'"

டென்சில் புரியாமல் பார்த்தான். "மூடியைத் திறந்தானா?"

"கயிறு நனைஞ்சு தரையில கிடந்துச்சு. நாலு பேர் பார்த்திருக்காங்க."

"முடியாதே." டென்சிலின் வலது கை தானாக எழுந்தது. இல்லாத தண்டை இல்லாத முளையிலிருந்து தூக்கியது, இல்லாத குழாயைக் குழியிலிருந்து உருவியது, பக்கத்தில் வைத்தது. பிறகு இல்லாத மூடியைத் திறந்தது. எல்லாம் இரண்டு நொடி. கை காற்றில் நின்றது. "கழட்டாம திறக்க முடியாது. கழட்டினா… கழட்டினா சுக்கான் விட்டுப்போச்சே. தடி அவன் கைலதானே இருக்கு."

"அதேதான்," என்றார் ஹெட்லி. "கழற்றத் தெரியாதுன்னு சொன்னவன் கழற்றியிருக்கான். படகைத் திருப்ப முடியலன்னு சொன்னவன் கைல சுக்கான் சும்மா இருந்திருக்கு."

"ஆனா மீட்புப் படகு வந்தப்ப பைலட் மாட்டியிருந்துச்சுன்னு…"

"ஆமா. கயிறை எடுத்தான், தண்ணில முக்கினான், மூடியைச் சாத்தினான், பைலட்டைத் திரும்ப மாட்டினான், பொத்தானை அமுக்கினான். கயிறு நனைஞ்சது ஜோரிக்காக இல்ல. கதைக்காக."

வென்னா தாளை மடித்து வைத்தாள்.

பியர்ஸ் ஜோரியைத் தள்ளினானா, ஜோரி தானாக விழுந்தானா, அது கடலுக்குத்தான் தெரியும். ஆனால் விழுந்தவனை விட்டுவிட்டுப் படகை நேராக ஓடவிட்டதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஜனவரியில் பியர்ஸின் நண்டுப் படகில் கித்தோ பெனார்ட் என்ற ஆள் செத்தான். கயிறு இழுக்கும் எந்திரம் அவன் கையை இழுத்து, கையோடு அவனையும் இழுத்துக்கொண்டது. எந்திரத்தின் மேல், கை உள்ளே போகாமல் தடுக்கும் காவல் தகடு இல்லை. வாங்கும்போதே தகடு இல்லை என்று பியர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தான். கித்தோவின் சாவைப் பற்றி இந்த வியாழக்கிழமை விசாரணை. தகடு நவம்பர் வரை இருந்தது என்று அங்கே சொல்லப்போகிறேன் என்று ஜோரி மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான். சமாதானம் பேசலாம் வா என்று பியர்ஸ்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கூட வந்தான்.

"நாளைக்கு நீ இதைச் சொல்லணும், டென்சில். மூடில மாட்டினது, மாத்தினது, ரெண்டும். தடயத்தை அழிச்சதுக்குக் கேஸ் வரும். உள்ள போனாலும் போவ. ஆனா ஆளைக் கொன்னதுக்குப் போக மாட்ட. அந்த ஓட்டைதான் உன்னைக் காப்பாத்துற சாட்சி. அதைப் போயி நாருக்கு நார் பார்த்து அடைச்சிருக்க."

ஹெட்லி நிம்மதியை எதிர்பார்த்தார். நெஞ்சில் கை வைப்பான், அழுவான், ஏதாவது. டென்சில் துணியின் மேல் கிடந்த குழாய் உறுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பியர்ஸ் என்ன சொல்வான்?" என்று கேட்டான்.

"அதைத்தான் இப்ப கேக்கப் போறோம்."

*

மீன்துறையில் பியர்ஸ் கார்வெத் நண்டுக் கூடுகளைக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். அகன்ற தோள், சவரம் செய்த முகம். துக்கத்துக்கு அடையாளமாகக் கறுப்புக் குல்லாய்.

"நான் போலீஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன், அங்கோவ்."

"தெரியும் கேப்டன். டென்சில் பக்கத்துலேர்ந்து நாங்க சும்மா கேட்டு வச்சுக்கிறோம்." ஹெட்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "வென்னா குறிச்சுக்குவா."

"கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும் கேப்டன்," என்று வென்னா கைபேசியை எடுத்து நீட்டினாள். "அதனால பதிவு பண்ணிக்கிறேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

பியர்ஸ் தோளைக் குலுக்கினான். "பண்ணு. மறைக்க என்ன இருக்கு?"

"கயிறு எங்க இருந்துச்சு?"

"பெட்டில. உக்கார்ற பலகைக்குக் கீழ. மூடி ஈரத்துல ஊதிப்போயிருந்துச்சு. ஒரு உதை விட்டுத்தான் திறந்தேன்."

"நீங்கதான் திறந்தீங்க? ஜோரி முன்னாடியே எடுத்து வைக்கல?"

"நான்தான். என் கையால எடுத்து என் கையால வீசினேன். என்ன பண்ணி என்ன, அந்தச் சனியன் பிடிச்ச கருவி சுக்கானை விடல."

"கடைசி வரைக்கும் விடல?"

"விடல."

ஹெட்லி தலையாட்டினார். "பைலட் எந்த இடத்துல நின்னுச்சு கேப்டன்? மூடிமேலயா, பக்கத்துப் பலகையிலயா?"

தண்ணீர்க் குழாயைப் பிடித்த கை அப்படியே நின்றது. தண்ணீர் பியர்ஸின் பூட்ஸ் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் குழாயை மூடினான். மெதுவாகத்தான் மூடினான்.

"பலகையில. போய்ப் பாரு, இருக்கு."

"இருக்கு. திங்கக்கிழமை காலைலேர்ந்து இருக்கு. ஞாயித்துக்கிழமை மூடிமேல இருந்துச்சு. மாட்டினவனே சொல்றான். நாளைக்குக் கோர்ட்டுல சொல்வான்."

பியர்ஸ் ஹெட்லியைப் பார்த்தான். பிறகு துறைமுகத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் வரும் என்று ஹெட்லி காத்திருந்தார். வந்தது சிரிப்பு. பெரிய சிரிப்பு இல்லை, உதட்டோரத்தில் ஒரு சுளிப்பு.

"சொல்ல மாட்டான்."

"ஏன்?"

"நாளைக்கு அவன் என்னைக் காட்டிக் குடுத்தா, வியாழக்கிழமை நான் அவனைக் காட்டிக் குடுப்பேன். அவனுக்கு அது தெரியும். போயிக் கேளு. என் எந்திரத்துத் தகட்டை அறுத்தது யாரு, கேளு. நவம்பர்ல, கிரைண்டரோட வந்து அறுத்தது யாரு?"

ஹெட்லிக்கு முழங்கால் வலி மறந்துபோனது. சமையலறையில் டென்சில் பார்த்துக்கொண்டிருந்த பார்வை இப்போதுதான் விளங்கியது.

வென்னாவின் குரல் மட்டும் மாறவில்லை. "கேப்டன், ஒரு சந்தேகம். எனக்கு மூளை கொஞ்சம் மட்டு. வாங்குறப்பவே தகடு இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இல்லாத தகட்டை டென்சில் எப்படி அறுத்தாரு?" கைபேசியை அவன் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனாள். "சத்தமா சொல்லுங்க. காத்து அடிக்குது."

பியர்ஸ் அவள் கையைத் தட்ட வந்தான். ஹெட்லி எழுந்து நடுவே நின்றார். துறையில் ஏழெட்டுப் பேர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பியர்ஸ் கையைக் கீழே இறக்கினான்.

*

திரும்பி வந்தபோது டென்சில் குழாயைப் பூட்டி முடித்திருந்தான். மேசையில் இரண்டு வெள்ளைத் தாள், ஒரு பேனா.

"சொல்லிட்டானா?" என்று கேட்டான்.

"சொல்லிட்டான்."

"மூணு தடவை கயிறு தகட்டுல உரசிச்சாம். கூடு இழுக்க நேரம் ஆகுதாம். அறுத்து எடுன்னான். இருபது நிமிஷ வேலை." டென்சில் தன் கைகளைப் பார்த்துப் பேசினான். "ஏன்னு கேக்கணும்னு தோணுச்சு. கேக்கல. கேப்டன் சொன்னா செய்யிறது. விளிம்பு கூரா இருந்தா கை கிழிக்கும்னு அரம் போட்டு வழவழன்னு பண்ணிக் குடுத்தேன், ஹெட்லி. கைல கீறல் படக்கூடாதுன்னு."

"ஜோரிக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரியும். நான் அறுக்கிறப்போ பக்கத்துல நின்னு சிகரெட் பிடிச்சுக்கிட்டிருந்தான். விசாரணைல உன் பேரையும் சொல்லணும் டென்சில்னு அந்தச் சனிக்கிழமை சொன்னான். நான் அந்தக் குழியைத் துளைச்சுக்கிட்டு இருக்கிறப்போ சொன்னான். சரி சொல்லுன்னேன்."

ஜோரியின் வாய் அடைபட வேண்டும் என்ற காரணம் இந்த ஊரில் இரண்டு பேருக்கு இருந்தது. அதில் ஒருவன் தன் கட்சிக்காரன். நாளைக்கு எந்த வக்கீலும் அதைச் சொல்வான். ஹெட்லி அதை உள்ளுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டென்சில் சொல்லாமல் இருந்தால் ஜோரியின் சாவு கொலைகாரன் இல்லாத சாவாகப் போகும். சொன்னால், மூடிக்கும் தகட்டுக்கும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பாதியை மட்டும் சொல்லித் தப்ப வழி இல்லை.

"நான் எழுதித் தர மாட்டேன்," என்றார்.

"வேண்டாம்."

முதல் தாளை டென்சில் பத்து நிமிடத்தில் எழுதினான். மூடி, குழி, அளவு, திங்கட்கிழமை காலை, மரத்துண்டு. பட்டறைச் சிட்டை எழுதுவது போல ஒழுங்காக எழுதினான். கையெழுத்துப் போட்டான். இரண்டாவது தாளை எடுத்தான். பேனா நின்றது. வென்னா அடுப்பில் தண்ணீர் வைத்தாள், டீ போட்டாள், அவன் பக்கத்தில் வைத்தாள். ஒரு கிண்டலும் செய்யவில்லை. டீ ஆறிப்போன பிறகு அவன் எழுதினான். மூன்றே வரி. கையெழுத்து.

இரண்டையும் ஹெட்லி வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஜனவரியிலேர்ந்து வாராவாரம் லவ்டே வீட்டுக்கு விறகு பிளந்து போட்டுக்கிட்டிருக்கேன்," என்றான் டென்சில். லவ்டே பெனார்ட் கித்தோவின் அம்மா. இதே தெருவில் ஏழு வீடு தள்ளி இருந்தாள். "ஏன்னு ஒரு தடவைகூட அவ கேக்கல. நல்ல மனுஷன்னு நினைச்சுக்கிறா. போன வாரம் கேக் சுட்டுக் குடுத்தா. தின்னேன்." பிறகு, "நீ போயிச் சொல்லிடுறியா ஹெட்லி? நாளைக்குக் கோர்ட்டுல மத்தவங்களோட உக்கார்ந்து அவ கேக்கக்கூடாது."

"தாளைக் கொண்டுபோறது என்னால முடியும். அது முடியாது."

"ஆமா," என்றான் டென்சில். "ஆமா."

எழுந்தான். ஆணியில் தொங்கிய மேல்சட்டையை எடுத்துப் போட்டான். பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டினான். கதவைத் திறந்தான். தெருவில் யாரோ நாயோடு போனார்கள். ஏழாவது வீட்டின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. அவன் பிளந்த விறகு. அவன் படியில் ஒரு காலை வைத்தான். பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றாமலேயே நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தான்.

ஹெட்லியும் வென்னாவும் அவனை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். கோர்ட்டுக்குச் சேர வேண்டியது ஹெட்லியின் பையில் இருந்தது. லவ்டே பெனார்டுக்குச் சேர வேண்டியது சேரவில்லை. உன் மகன் கையைக் காத்த தகட்டை அறுத்தவன் நான் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம், டென்சில் ரௌஸ் அவளுக்கு இன்னும் பாக்கி.